அவசரமாக டியூப் போட்டால், அடுத்த இரண்டு வாரமும் உங்கள் பொறுப்புதான்

சிறுநீரகவியல் மருத்துவர்களுக்கும், மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், டயாலிசிஸ் திட்டங்களுக்கு ஆளும் பணமும் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்,

வயிற்று டயாலிசிஸ் என்பது, வயிற்றில் பொருத்திய டியூப் வழியாகப் பையிலிருக்கும் டயாலிசிஸ் தண்ணீரை உள்ளே விட்டு, பிறகு கழிவோடு வெளியே இறக்கும் முறை. நாங்கள் போகும் மருத்துவமனையில் அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே நர்ஸை ரத்த டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக மெஷின்கள் வந்திருக்கின்றன, ஆள் போதவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். இனிமேல் நாங்கள் மாதம் ஒருமுறை வந்து பைகளை வாங்கிப் போனால் போதுமாம். பிரச்சினை ஏதாவது வந்தால் ஓபி நாளில் சீட்டு போட்டு வரிசையில் நிற்க வேண்டுமாம். அதே மருத்துவமனையில்தான், சிறுநீரகம் செயலிழந்து கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களுக்கு இன்று வயிற்றில் டியூப் போட்டு நாளைக்கே தண்ணீர் விட ஆரம்பிக்கிறார்கள். அவசரமாகத் தொடங்குவது ஒரு பக்கம், பார்த்துக்கொள்கிற ஆளை எடுத்துவிடுவது இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் இந்த மடல். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே நல்லபடியாக வேலை செய்கிற நாலு பேருக்குத்தான் சங்கடம்.

அவசரமாக வயிற்று டயாலிசிஸ் தொடங்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என் அக்கா இன்று உயிரோடு இருப்பதே அதனால்தான். தையல் யூனிட்டில் வேலை பார்த்தவள், பிரஷர் இருந்தது தெரியாது, கால் வீங்கியதை நின்று வேலை பார்ப்பதால் என்று நினைத்திருந்தாள். வாந்தியும் மூச்சுத் திணறலும் வந்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 11ஐத் தாண்டியிருந்தது. நம் ஊரில் பெரும்பாலான சிறுநீரக நோயாளிகள் இப்படித்தான் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரத்த டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா இருக்காது. இனிமேல் போட்டாலும் அது பக்குவப்பட ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரைக்கும் கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டு ரத்த டயாலிசிஸ் செய்யலாம், ஆனால் அந்த டியூப் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் கலக்கும் ஆபத்து இருக்கிறது. மையத்துக்கு வாரம் மூன்று தடவை போய் நாலு நாலு மணி நேரம் படுக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அத்தானோ தினக்கூலி. அதனால் அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டர், ரத்தத்தில் ஏறிய பொட்டாசியமும் நுரையீரலில் சேர்ந்த நீரும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கிற நிலையில் இல்லை, வயிற்றிலேயே தொடங்கலாம் என்று முடிவெடுத்தார். நல்ல முடிவு. அதற்காக அவருக்கு நாங்கள் இன்றும் நன்றியோடு இருக்கிறோம்.

என் கேள்வி எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. வயிற்று டயாலிசிஸ் டியூப்பில் நார்த்துணி போன்ற இரண்டு வளையங்கள் இருக்கும், அவற்றைக் கஃப் என்பார்கள். உடம்பின் சதை அந்த வளையங்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொண்டால்தான் டியூப்பைச் சுற்றியிருக்கும் வழி அடைபடும். அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். அதனால்தான் வழக்கமாக டியூப் போட்டு இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு டயாலிசிஸ் தொடங்குகிறார்கள். அவசரமாகத் தொடங்கும்போது இந்தக் காத்திருப்பு இல்லாமல் போகிறது. புதிதாகப் பூசிய தொட்டியில் பூச்சு காய்வதற்கு முன்பே தண்ணீர் நிரப்புவது போலத்தான் இது. நிரப்பவே கூடாது என்றில்லை. கொஞ்சமாக நிரப்ப வேண்டும், பக்கத்திலேயே ஆள் நின்று பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் அழுத்தம் படுத்திருக்கும்போதுதான் மிகக் குறைவு. உட்கார்ந்தால், எழுந்தால், இருமினால், மலம் கழிக்க முக்கினால் அது ஏறும். ஆகவே ஆரம்பத்தில் 500 மில்லி, அல்லது ஒரு லிட்டர், படுத்த நிலையில் மட்டும் விட்டு, எழுந்து நடமாடும் நேரத்தில் வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டும். அப்புறம் நாளாக ஆக அளவைக் கூட்டி இரண்டு லிட்டருக்குப் போகலாம். இது நான் கண்டுபிடித்த விதி இல்லை, உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அவசரத் தொடக்கத்தில் டியூப்பைச் சுற்றிக் கசிவது அதிகமாகலாம் என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. வயிற்றுத் தொற்றில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அது தெளிவாகக் காட்டவில்லை. அதாவது இந்த முறை பாதுகாப்பாக நடக்கக் கூடியதுதான், கசிவைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் கூட இருந்தால்.

வார்டில் இருந்தவரைக்கும் அந்த நர்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். அக்காவைப் படுக்க வைத்து ஒரு லிட்டர் மட்டும் விடுவார், இறங்கிய தண்ணீரை எடை பார்த்து நோட்டில் குறிப்பார், எனக்கும் சொல்லிக் கொடுப்பார். கையை எப்படிக் கழுவுவது, மாஸ்க் ஏன், ஃபேனை ஏன் நிறுத்த வேண்டும், டியூப்பையும் பையையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் செட்டின் முனை எதன் மீதும் படாமல் எப்படி மாட்டுவது என்று பொறுமையாகச் சொன்னார். பயிற்சி பாதியில் இருக்கும்போதே படுக்கை தேவைப்படுகிறது என்று டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள். அன்று அவர் விடுப்பு. டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு லிட்டர், ஒரு நாளைக்கு நாலு தடவை என்று எழுதியிருந்தது. நிலையாகிவிட்ட நோயாளிக்கு எழுதும் அளவு அது. படுத்துக்கொண்டுதான் விட வேண்டும் என்று அதில் இல்லை. டிரெஸ்ஸிங் ஈரமானால் என்ன செய்வது என்று இல்லை. இரவில் யாரைக் கூப்பிடுவது என்றும் இல்லை. சீட்டு முழுக்க ஆங்கிலம்.

வீட்டுக்கு வந்த சில நாளிலேயே டிரெஸ்ஸிங் நனைய ஆரம்பித்தது. வெயில் காலம், வேர்வை என்று அத்தான் சொன்னார். அப்புறம் விட்ட தண்ணீரைவிட இறங்கும் தண்ணீர் குறைந்தது. அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் தடித்து, தொட்டால் குழி விழுந்தது. பெண் உறுப்பும் வீங்கியதை அக்கா வெட்கத்தில் என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தாள். இதெல்லாம் கசிவின் அடையாளங்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் முதல் நாளே சொல்லியிருப்பாள். ஆண்களுக்கு விரைப்பை வீங்கும், அவர்களும் சொல்ல மாட்டார்கள். டியூப் ஓரம் ஊறும் நீரை, சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பில் தொட்டுப் பார்த்தாலே அது வேர்வையா டயாலிசிஸ் தண்ணீரா என்று தெரிந்துவிடும், ஏனென்றால் அந்தத் தண்ணீரில் 1.5 சதவீதம், 2.5 சதவீதம் என்று குளுக்கோஸ் இருக்கிறது. விலை குறைந்த ஸ்ட்ரிப் அது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். எங்களுக்கு அதைச் செய்ய ஆள் இல்லை.

சீட்டில் அச்சடித்திருந்த எண்ணுக்குப் போன் செய்தால் விசாரணைக் கவுன்ட்டரில் எடுத்தார்கள். ஓபி நாளில் வாருங்கள் என்றார்கள். அன்று இரவே வயிற்று வலி வந்து பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் இந்த மாதிரி டியூப்பை அதற்கு முன் கையாண்டதில்லை என்று நேர்மையாகச் சொன்னார், வாயு வலிக்கு ஊசி போட்டு, கையில் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் இறங்கிய தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. கலங்கல் தெரிந்தால் அது பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்று உறையில் தொற்று, வேறொன்று என்று உறுதியாகும்வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். இறங்கிய தண்ணீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளை அணுக்கள், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்பது அதை உறுதி செய்யும் கணக்கு. முதலில் மாதிரி எடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், ஆன்டிபயாட்டிக்கைப் பையிலேயே கலந்து வயிற்றுக்குள் விட வேண்டும். ஒரு ராத்திரி தாமதம் இதில் சின்ன விஷயம் இல்லை. எங்களுக்கு அந்த ராத்திரியும், பஸ் பிடித்துப் போன காலையும், அட்மிஷன் சீட்டுக்கு நின்ற மதியமும் போய்விட்டன.

சிகிச்சை கிடைத்தது, டியூப்பையும் காப்பாற்றினார்கள். ஆனால் கசிவு ஆறுவதற்காக வயிற்று டயாலிசிஸை நிறுத்தி, எதைத் தவிர்ப்பதற்காக இவ்வளவும் செய்தோமோ அந்தக் கழுத்து டியூப்பையே போட வேண்டியதாயிற்று. அப்போது ரவுண்ட்ஸில் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார், "வீட்டை சுத்தமா வச்சுக்க மாட்டீங்களா?" என்று. அக்கா அழவில்லை, பதில் சொல்லவும் இல்லை. நான் இப்போது சொல்கிறேன். எங்கள் வீடு ஓட்டு வீடு. டயாலிசிஸுக்கென்று ஒரு மூலையைத் திரை போட்டு ஒதுக்கி, டெட்டால் விட்டுத் துடைத்து, குழந்தைகளைக்கூட அந்தப் பக்கம் விடாமல்தான் வைத்திருந்தோம். ஆறாத காயத்தைச் சுற்றி நாள் கணக்கில் சர்க்கரைத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தால் கிருமி அதில் வளரும். அந்த ஈரத்துக்குக் காரணம் எங்கள் தரை இல்லை, முதல் வாரத்திலேயே எழுதப்பட்ட இரண்டு லிட்டர்.

இந்தப் பேச்சு அக்காவோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது மற்ற குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். ஒரு பெரியவருக்குத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. டியூப் அடைத்துக்கொண்டது, எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நர்ஸ்தான் மலம் கழித்து எத்தனை நாளாகிறது என்று கேட்டு, டாக்டரிடம் சொல்லி மலமிளக்கி கொடுக்க வைத்து, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். குடல் நிறைந்திருந்ததால் டியூப்பின் நுனி இடுப்புக்குழியை விட்டு மேலே ஏறியிருந்தது. வயிறு காலியானதும் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இன்னொரு அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது, வயிற்றில் விட்ட தண்ணீர் உதரவிதானம் வழியாக நெஞ்சுக் கூட்டுக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு டாக்டரை அழைத்ததும் அவர்தான். இதையெல்லாம் பார்க்கிற கண் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வராத டியூப் எல்லாம் கெட்ட டியூப் ஆகிவிடும், கசிந்த நோயாளி எல்லாம் சுத்தமில்லாத நோயாளி ஆகிவிடுவார். கடைசியில் வயிற்று டயாலிசிஸே நம் மக்களுக்கு ஒத்துவராது என்று எழுதி வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே இந்தியாவில் ரத்த டயாலிசிஸ் செய்பவர்களோடு ஒப்பிட்டால் இந்த முறையில் இருப்பவர்கள் மிகச் சிலர்தான்.

திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் வந்தது, வயிற்று டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல்களும் 2019இல் அதில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சிஏபிடி எனப்படும் வயிற்று டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் ஒரு பகுதி. இது பெரிய விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் பையைக் கொண்டுவருகிறவர் டிரெஸ்ஸிங்கைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் பழக்கப்பட்டிருந்தால் அதே ஒரு வருகையில் எத்தனை கசிவுகளை முன்பே பிடித்துவிடலாம் என்று யோசித்துப் பாருங்கள். தாய்லாந்து 2008இல் வயிற்று டயாலிசிஸுக்கே முதலிடம் என்ற கொள்கையைக் கொண்டுவந்தபோது, தபால் துறை வழியாகப் பைகளை வீடுகளுக்கு அனுப்பியதோடு, அதற்கென்று நர்ஸுகளையும் பயிற்சி கொடுத்துத் தயார் செய்தது. ஹாங்காங் 1985லிருந்தே இந்த முறையை முதலில் வைக்கிறது. அங்கே நோயாளிகள் நம்மைவிடச் சுத்தமானவர்கள் என்பதால் அது நடக்கவில்லை. வயிற்று டயாலிசிஸை ஓட்டுவது நர்ஸ்தான். மெஷின் இல்லாததால் இங்கே ஆளும் வேண்டாம் என்று நிர்வாகத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. மெஷின் இல்லை என்பதால்தான் இங்கே ஆள் அதிகமாக வேண்டும்.

அக்கா இப்போது மறுபடியும் வயிற்று டயாலிசிஸில்தான் இருக்கிறாள். கசிவு ஆறிய பிறகு அந்த நர்ஸே கூட இருந்து, சின்ன அளவில், படுத்த நிலையில் மறுபடி தொடங்கி வைத்தார். இந்தத் தடவை ஒரு சொட்டுக் கசியவில்லை. கழுத்து டியூப்பை எடுத்தாயிற்று. காலையில் ஒரு பை, மதியம் ஒரு பை என்று மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு ரவிக்கைகளைத் தைக்கிறாள். புரதம் தண்ணீரோடு போய்விடும் என்பதால் தினமும் முட்டை வெள்ளைக்கரு. வீட்டுச் செலவில் அது ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதே டியூப், அதே வீடு, அதே மூலை. மாறியது கவனிப்பு மட்டும். இதைவிட வேறு ஆதாரம் என்னிடம் இல்லை, தேவையும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே கேட்கிறேன்.

முதலில் நிர்வாகிகளிடம். மாற்றிய நர்ஸைத் திருப்பி அனுப்புங்கள், அவரோடு இன்னொருவருக்கும் பயிற்சி கொடுங்கள், ஒருவர் விடுப்பில் போனால் எல்லாம் நின்றுபோகக் கூடாது. அவசரத் தொடக்கம் செய்யும் எந்த மருத்துவமனையும் வயிற்று டயாலிசிஸ் நர்ஸ் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று எழுத்தில் விதி போடுங்கள். இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண் வேண்டும், விசாரணைக் கவுன்ட்டர் எண் வேண்டாம். கலங்கல், வலி, காய்ச்சல், கசிவு என்று வருகிற வயிற்று டயாலிசிஸ் நோயாளியை ஓபி நாள் பார்க்காமல் அன்றைக்கே அன்றைக்கு வார்டில் சேர்க்கச் சொல்லி உத்தரவு கொடுங்கள்.

மருத்துவர்களிடம். டியூப் போட்ட முதல் இரண்டு வாரத்துக்கு எத்தனை மில்லி, எந்த நிலையில், எந்த நாளில் எவ்வளவு கூட்டுவது என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக எழுதிக் கொடுங்கள், தமிழில். டிரெஸ்ஸிங் ஈரம், ஒருபக்க வீக்கம், உறுப்பு வீக்கம், குறைவாக இறங்கும் தண்ணீர், கலங்கல், மலச்சிக்கல், மூச்சு வாங்குதல் ஆகியவை படத்தோடு அதில் இருக்கட்டும். பயிற்சி முடியாதவரைப் படுக்கைக்காக அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த இரண்டு வாரமும் பகலில் வரவழைத்து நீங்களே தண்ணீர் விட்டு அனுப்புங்கள், பஸ் செலவைத் திட்டத்தில் சேருங்கள். தொற்று வந்தவரிடம் வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

அதிகாரிகளிடம். பை கொண்டுவரும் பணியாளர்களுக்கு டியூப் ஓரத்தைப் பார்க்கவும், ஸ்ட்ரிப்பில் சோதிக்கவும், யாரை அழைப்பது என்றும் சொல்லிக் கொடுங்கள். தாலுகா மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் இந்த டியூப்பிலிருந்து மாதிரி எடுப்பதும், முதல் ஆன்டிபயாட்டிக்கைப் பையில் கலப்பதும் எப்படி என்று ஒரு பக்கத் தாள் ஒட்டியிருக்க வேண்டும், அதற்கு வேண்டிய மருந்தும் அங்கேயே இருக்க வேண்டும். கடைசியாக, கணக்கு காட்டுங்கள். ஐஎஸ்பிடி என்ற, வயிற்று டயாலிசிஸுக்கான சர்வதேச அமைப்பு தன் 2022 வழிகாட்டுதலில், ஒரு மையத்தில் வயிற்றுத் தொற்று ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 தடவைக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் மையங்கள் ஒவ்வொன்றிலும் அது எவ்வளவு? டியூப் போட்ட முதல் 30 நாளில் எத்தனை பேருக்குக் கசிந்தது, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, எத்தனை பேர் கழுத்து டியூப்புக்குப் போனார்கள்? அவசரமாகத் தொடங்கியவர்களைத் தனியாகவும், காத்திருந்து தொடங்கியவர்களைத் தனியாகவும் எண்ணி, ஆண்டுதோறும் வெளியிடுங்கள். முதல் பட்டியலை எப்போது வெளியிடுவீர்கள் என்று ஒரு தேதியைப் பதிலாகச் சொல்லுங்கள்.